அப்பாவின் கை அளவு

மன்னார்குடி,
14.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கொல்லையில் காயப்போட்ட துணி இரண்டு நாளாகியும் ஈரமாகவே கிடக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் எழுந்து நடமாடுகிறாள்.

போன வாரம் கல்யாண போட்டோவைப் பார்த்துவிட்டு நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "அப்பா வாட்ச்சோட செயின் எங்கடா? என்னமோ பள்ளிக்கூடப் பையன் கட்டுற மாதிரி துணிப்பட்டை கட்டியிருக்க?" என்றாய். "கழட்டி வச்சிருக்கேன்க்கா" என்றேன். அதற்கு மேல் நீ ஒன்றும் கேட்கவில்லை. மழை எப்படி, அம்மா எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டாய். கோபம் வந்தால் நீ சத்தம் போடுவாய். மனசு நொந்தால்தான் பேச்சை மாற்றுவாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் விளக்கலாம் என்றால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

செயின் பத்திரமாக இருக்கிறது. ஒரு கண்ணிகூடக் குறையவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அந்த வாட்ச்சுக்கும் உனக்கும் ஒரே வயது என்று அப்பா எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! நீ பிறந்த செய்தி, தான் வேலை பார்த்த தம்மாமுக்குப் போய்ச் சேர்ந்த மாதச் சம்பளத்தில் வாங்கியது என்பார். உன்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது பின்மூடியைத் துடைத்துப் பார்த்தபோது அதில் ஆறு இலக்க எண் ஒன்று தெரிந்தது. சீக்கோ வாட்ச்சில் அந்த எண்ணின் முதல் இலக்கம், செய்த வருடத்தின் கடைசி எண். இரண்டாவது இலக்கம் மாதம். நம்முடையதில் 6, அடுத்து 3. அப்பா தம்மாம் போனதே 1984இல்தான், ஆகவே இது 1986 மார்ச். நீ பிறந்தது அந்த வருடம் ஆகஸ்டில். மார்ச்சில் செய்த வாட்ச் ஆகஸ்டில் தம்மாம் கடைக்கு வந்திருக்கும். அப்பா சொன்னது அத்தனையும் நிஜம் அக்கா. கிழமைச் சக்கரத்தில் ஒரு மொழி ஆங்கிலம், இன்னொன்று அரபி. திருகும்போது கொஞ்சம் கூடுதலாகத் திருகிவிட்டால் கிழமை அரபிக்கு மாறிவிடும். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது வேண்டுமென்றே அரபிக்கு மாற்றி வைத்துவிடுவாயாம். அம்மா இப்போதும் சொல்வாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

இந்த வாட்ச்சுக்குச் சாவி கொடுக்க முடியாது. திருகை எவ்வளவு சுற்றினாலும் ஸ்பிரிங் ஏறாது. உள்ளே அரைவட்டமாக ஓர் எடைத்தகடு இருக்கிறது. கை ஆட ஆட அது சுற்றும். எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரு சின்ன நெம்புகோல் ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டே இருக்கும். 1959இல் சீக்கோக்காரர்கள் கொண்டுவந்த அமைப்பு அது, மேஜிக் லீவர் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடம் நடத்தும்போது இதைத்தான் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். முறுக்கு முழுதாக ஏறியிருந்தால் ஏறக்குறைய 40 மணி நேரம் ஓடும். அதற்குள் யாராவது எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நின்றுவிடும்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது செவ்வாய்க்கிழமை. காலையில் வயலுக்குப் போய்வந்தவர். சாயங்காலம் நாலு மணி வாக்கில் நர்ஸ் அம்மா அவர் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி, மோதிரத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு ஓடிவந்து மாற்றுத்துணி எடுக்கும்போது அதை பீரோவின் மேல் வைத்தேன். ராத்திரி அப்பா போய்விட்டார். மறுநாள் நீ வந்து, எல்லாம் முடிந்து, வியாழக்கிழமை காலையில் பால் தெளித்துவிட்டு வந்தோம். குளித்துவிட்டு வந்தவன் ஏதோ தோன்றி அந்தக் கவரைக் கையில் எடுத்தேன். மணி பத்து இருக்கும். வாட்ச் ஏழே முக்காலில் நின்றிருந்தது. கிழமை வியாழன் என்று காட்டியது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவர் கை வீசி நடந்து ஏற்றிவைத்த முறுக்கு, அவர் போன பிறகும் ஒரு முழு நாளைத் தாண்டி ஓடியிருக்கிறது. அன்றைக்கு இதை யாரிடம் சொல்வது? கவரோடு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஒன்றரை வருடம் அங்கேயே கிடந்தது. போன சித்திரையில் அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். "கட்டுறதுக்குத்தானே வாங்குனாரு? பூட்டி வச்சு யாருக்கு?" என்றாள். கடைத்தெரு வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எண்ணெய் காஞ்சு போச்சு தம்பி, மெஷின் நல்லாருக்கு" என்றார். பத்து நாளில் கழுவி எண்ணெய் போட்டுக் கொடுத்தார். கையில் கட்டி இரண்டு வீசு வீசியதும் செகண்ட் முள் நகர ஆரம்பித்தது. கடையிலேயே கண் கலங்கிவிட்டது எனக்கு.

ஆனால் செயின் என் கைக்கு நிற்கவில்லை. அப்பாவின் மணிக்கட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். மண்வெட்டி பிடித்த கை. அந்தக் கைக்கே அவர் செயினைத் தளரக் கட்டுவார். என் கையில் அது முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. ரிப்பேர்காரர் நாலு கண்ணிகளைக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அப்போதும் தளர்வுதான். அந்தக் கண்ணிகள் கெட்டி இரும்பு அல்ல அக்கா, தகட்டை மடித்து மடித்துச் செய்தவை. 39 வருடத் தேய்மானத்தில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, மொத்தச் செயினும் நீண்டு தொங்குகிறது. "இன்னும் ரெண்டு எடுத்தாத்தான் சரியா வரும்" என்றார் அவர். பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

வைகாசி வெயிலில் கை முழுக்கச் சிவந்து தடித்தது. கொக்கி படும் இடத்தில் நீர் கோத்துக்கொண்டது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோலாக இருக்கலாம், உலோகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கவரிங் தோடு போட்டால் உனக்குக் காது புண்ணாகுமே, அதே சங்கதிதான். நம் இரண்டு பேருக்கும் அம்மாவின் தோல். அப்பாவுக்கு அப்படி ஒன்றும் செய்ததில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டுதான் கட்டினேன். ஒருநாள் பள்ளிக்கூட ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, செயினை வாட்ச்சோடு பிடித்திருக்கும் பின் விட்டுப்போனது. எப்போதோ யாரோ மாற்றிப்போட்ட மலிவுப் பின், துருப்பிடித்து உள்ளேயே இற்றிருக்கிறது. வாட்ச் நழுவிப் படிக்கட்டில் அடித்துச் சேற்றுத் தண்ணீரில் விழுந்தது. பின்னால் இறங்கிய பெரியவர் ஒருவர் குனிந்து எடுத்து, தன் துண்டிலேயே துடைத்துக் கொடுத்தார். இரண்டு மணிக்குப் பக்கத்தில் கண்ணாடியில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. ஓட்டம் நிற்கவில்லை. ஆனால் அன்று முழுக்க என்னால் பாடம் நடத்த முடியவில்லை. இரண்டு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் பஸ் சக்கரம்.

எங்கள் பள்ளி என்சிசி சார்தான் தன் கையைக் காட்டினார். நைலான் பட்டை. "இதைப் பாருங்க சார், ரெண்டு துண்டு இல்ல, ஒரே பட்டை. ரெண்டு பின்னுக்கும் அடியில வாட்ச்சோட முதுகு வழியா ஓடுது. ஒரு பின் போனாலும் இன்னொண்ணுல தொங்கும், கீழ விழாது" என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். பட்டை முதுகுப்புறமாக ஓடுவதால் பின்மூடியின் இரும்பும் தோலில் படாது.

பள்ளிக்கூடப் பையன் கட்டுவது என்று சொன்னாயே, இது பட்டாளத்துக்காரர்கள் கட்டியது. 1973இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் தன் வீரர்களுக்கென்று அளவும் நிறமும் வகுத்தது. 20 மில்லிமீட்டர் அகலம், சாம்பல் நிறம். ஸ்டோரில் அதை வாங்க ஜி10 என்ற படிவத்தை நிரப்பித் தர வேண்டும், அதனால் பட்டைக்கே ஜி10 என்று பெயர் வந்தது. கடைகளில் நேட்டோ ஸ்ட்ராப் என்பார்கள். உன் பெரியவன் ஜேம்ஸ் பாண்ட் படமாகப் பார்க்கிறானே, அவனிடம் சொல்: 1964இல் வந்த கோல்ட்ஃபிங்கரில் ஷான் கானரியின் ரோலெக்ஸ் இப்படியொரு கோடுபோட்ட நைலான் பட்டையில்தான் இருக்கும். பட்டை குறுகலானது, இரண்டு ஓரத்திலும் பின் வெளியே தெரியும். மாமன் வாட்ச்சில் அப்படித் தெரியாது என்றும் சொல். ஸ்கேல் வைத்து அளந்து, சரியாக 18 மில்லிமீட்டரில் வாங்கினேன்.

மாற்றும் வேலையைக் கடையில் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நானே உட்கார்ந்தேன். எவர்சில்வர் தாம்பாளத்தில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டேன். பின்னுக்குள் ஸ்பிரிங் இருக்கிறது, விரல் தப்பினால் துள்ளி ஓடிவிடும், தாம்பாளத்தின் விளிம்பு தடுக்கும். கீறல் விழாமல் இருக்க வாட்ச்சில் பின் கோக்கும் நாலு காதிலும் செலோ டேப் ஒட்டினேன். அறுந்துபோன பக்கம் சுலபமாக வந்துவிட்டது. அடுத்த பக்கத்துப் பின் அசையவே இல்லை. அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் காலையில் கவட்டை போன்ற முனையுள்ள சின்ன நெம்பியால் உள்ளே தள்ளினேன். டிக் என்று ஒரு சத்தம். செயின் தனியாக வந்துவிட்டது.

செயினின் முனை இருந்த இடத்தில், காதுகளுக்கு நடுவே, கறுப்பாக இறுகிப்போன அழுக்கு. அப்பாவின் வேர்வை, நம் வயலின் சேறு, எங்கோ அடியில் தம்மாம் மணலும்கூட இருந்திருக்கும். பல்துலக்கும் பிரஷ்ஷால் அதை மட்டும் சுத்தம் செய்தேன், இல்லாவிட்டால் புதுப் பின் உட்காராது. பிறகு செயினைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கொக்கிக்குப் பக்கத்தில் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே ஒரு நரைமுடி சிக்கியிருந்தது. கைமுடி. அந்தச் செயின் அவரை எத்தனை முறை பிடுங்கியிருக்கும், "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டு மறுபடியும் அதையே கட்டிக்கொண்டு போவார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது அக்கா. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? என் கைக்காக ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றி, அப்பாவின் கை அளவை அழித்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைகளைத் தானம் கொடுத்துவிட்டோம். செருப்பு போய்விட்டது. அவர் உடம்பின் அளவு என்று இந்த வீட்டில் மிச்சம் இருப்பது அந்தச் செயின் ஒன்றுதான். வாட்ச் யார் கையில் இருந்தாலும் ஓடும், செயின் அப்படி இல்லை. அன்று காகிதத்தில் மடித்து வைத்திருந்த நாலு கண்ணிகளையும் எடுத்து, ஒவ்வொன்றாக இருந்த இடத்தில் கோத்தேன். சாயங்காலம் வரை ஆனது. செயினைக் கழுவவில்லை. அந்த முடியை எடுக்கவும் இல்லை.

நைலான் நம் வீட்டுக்குப் புதிதா, சொல். அப்பா தம்மாமிலிருந்து அம்மாவுக்குக் கொண்டுவந்த நைலக்ஸ் புடவைகள், கிணற்றுக் கயிறு, திண்ணையில் கிடந்த நாடாக் கட்டில். நாடா தொய்ந்தால் அப்பாவே பிரித்துப் பின்னுவார், நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையை இழுத்துப் பிடிப்போம். வெட்டிய முனையை மெழுகுவத்திச் சுடரில் ஒரு நொடி காட்டி, உருகியதும் கத்தியின் பக்கவாட்டால் அழுத்துவார். அப்புறம் அது பிரி பிரியாது. அந்த வாசனை உனக்கு வருகிறதா? இந்தப் பட்டையும் அதே நாடாதான், இழை நெருக்கம், அவ்வளவே வித்தியாசம். இதன் ஓட்டைகள்கூட அப்படித்தான் சுட்டு ஓரம் உருக்கியவை. பட்டையின் வால் என் கைக்கு நீளமாக இருந்தது. இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, மெழுகுவத்தி ஏற்றி, அப்பா செய்தது போலவே காட்டி, கத்தியால் அழுத்தினேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா நாடா வாசனை?" என்று கேட்டாள்.

குறை இல்லாமல் இல்லை. வேர்வையைக் குடிக்கிறது, மூன்று நாள் கழுவாவிட்டால் நாற்றம். அதனால் இரண்டு வாங்கியிருக்கிறேன், சாம்பல் ஒன்று, கருநீலம் ஒன்று. ராத்திரி சோப்புப் போட்டு அலசிக் கொடியில் போட்டால், இந்த மழைக்காலத்திலும் மற்ற துணிக்கு முன்னால் அதுதான் காய்கிறது. வாட்ச் கையிலிருந்து கொஞ்சம் தூக்கினாற்போல நிற்கிறது. சீக்கோ 5 என்று பெயர் வந்ததே ஐந்து குணங்களுக்காக: தானாக முறுக்கேறுவது, கிழமையும் தேதியும் ஒரே சன்னலில் தெரிவது, தண்ணீர் புகாதது, திருகு நாலு மணிப் பக்கம் உள்ளடங்கி இருப்பது, கூடும் செயினும் உறுதியாக இருப்பது. அந்த ஐந்தாவதில் பாதியை நான் கழற்றிவிட்டேன் என்பது உண்மைதான்.

எனக்கு ஈடுசெய்ய முடியாமல் போனது ஒன்றே ஒன்று, அந்தச் சத்தம். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கி ஓர் உதறு உதறுவார், கீழே சரிந்த வாட்ச் 'சளக்' என்று மேலே ஏறும். படலைத் திறக்கும் முன்பே அப்பா வந்துவிட்டார் என்று நமக்குத் தெரியும். நீ கதைப்புத்தகத்தைப் பாடப்புத்தகத்துக்கு அடியில் தள்ளுவாய். போட்டோவில் துணிப்பட்டையைப் பார்த்தபோது உனக்கு வலித்தது அதுதானோ என்று நினைத்தேன். எனக்கும் வலிக்கிறது. பட்டை கட்டிய முதல் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, என்னை அறியாமல் வாசலில் கையை உதறினேன். சத்தமே வரவில்லை.

அதனால் செயினை உனக்கு அனுப்புகிறேன். நாளைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் போட்டுவிடுவேன். என் கைக்கு உதவாதது என்று அனுப்பவில்லை, அந்த வாட்ச் உன் வயசு, அதில் உனக்கும் பங்கு உண்டு என்றுதான். அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன், அவளும் அதைத்தான் சொன்னாள். கொக்கியைப் போட்டே பெட்டியில் வைத்திருக்கிறேன். வாட்ச் இருந்த இடம் மட்டும் திறந்திருக்கும். அந்த இடைவெளியில் உன் இரண்டு விரலை வைத்துப் பார், வட்டம் முழுசாகும். அவ்வளவுதான் அப்பாவின் மணிக்கட்டு. நல்ல பின்னாக இரண்டு, சின்னக் கவரில் தனியாக வைத்திருக்கிறேன். என்றைக்காவது உன் பிள்ளைகளில் ஒருவனுக்கு அப்பாவின் கை வாய்த்தால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கவரைத் தூக்கிப் போட்டுவிடாதே, பின் கண்ணுக்கே தெரியாது.

பொங்கலுக்கு எல்லோரும் வாருங்கள். வாட்ச்சை உன் கையில் கட்டிப் பார்க்கலாம், உனக்கு நாலாவது ஓட்டை சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் நீயே கட்டிக்கொண்டு இரு. வரும்போது செயினையும் கைப்பையில் எடுத்துக்கொண்டு வா. நான் மேசையில் பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தபோது அம்மா இரண்டு முறை வந்து திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு.

உன் அன்புத் தம்பி